பாயும் தலையணையும் போட்ட மாத்திரைக் கவர்

மருந்து ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவருக்கு அவருடைய வியாதி ஒன்றுதான். உள்ளே நின்று கவர் கட்டுகிறவளுக்கு அன்றைக்கு வந்த அத்தனை பேர் வியாதியும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல மருந்து கட்டிக் கொடுத்துப் பிழைத்தவர்கள் இருப்பீர்கள். அந்தக் கவரை வாங்கிப் போய்த் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, விடியுமா விடியாதா என்று படுத்துக் கிடந்தவர்களும் இருப்பீர்கள். நான் இரண்டுமாக இருந்தேன்.

எண்பதுகளின் ஆரம்பம் அது. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. செவ்வாயும் வெள்ளியும் தாம்பரத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வருவார்கள். நெஞ்சு படபடப்பு, காரணமில்லாத பயம், தூக்கமே வராதது, கூட்டத்தைப் பார்த்தால் வியர்த்துக் கொட்டுவது, இதற்கெல்லாம் அவர்கள்தான். எனக்கும் அந்த இரண்டு நாள்தான் அங்கே வேலை. கம்பவுண்டர் மாத்திரையை எண்ணித் தருவார். நான் கவரில் போட்டு, எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பேன். எட்டாவது வரைக்கும் படித்தவள். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அதுவும் இல்லை. அதனால் கவர் மேல் பென்சிலால் படம் போடுவோம். பாதிச் சூரியன் என்றால் காலை, முழுச் சூரியன் என்றால் மத்தியானம், பிறை நிலா என்றால் ராத்திரி.

என் வீடு பென்னலூரில். மகன் பம்பாயில், மகள் பிலாயில். இரண்டு பேருக்கும் கல்யாணமாகிக் குழந்தை குட்டியோடு இருந்தார்கள். அவர்கள் அப்பா போன மறு வருஷம் எனக்கும் அந்தப் படபடப்பு வந்தது. ஜெபமாலை சொல்லச் சொல்லவே மூச்சு முட்டும். டாக்டரம்மா இரண்டு மருந்து எழுதினார்கள். காலையில் ஒன்று, அது பயத்தை மெதுவாகக் குறைப்பது. ராத்திரிக்கு இரண்டு, அது தூக்கத்துக்கு. "காலை மாத்திரை பிடிச்ச பிறகு ராத்திரி மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துடணும் ஞானம். ஒண்ணைத் தொடும்போது இன்னொண்ணைத் தொடக் கூடாது. ரெண்டையும் சேர்த்து அசைச்சா எது கெடுத்துதுன்னு எனக்கே தெரியாது" என்றார்கள். எனக்கு அப்போது இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். அந்த ராத்திரி மாத்திரையிலிருந்து நான் நல்லபடியாக வெளியே வருவேனா? அதற்குள் ஒரு காலையில் எழுந்திருக்காமல் போனால் யாருக்குத் தெரியும்?

நிலா வந்தது, முழுங்கினேன்

ஏழுமலை எங்கள் ஊர்தான், அடுத்த தெரு. முப்பது வயசு இருக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் இரும்புச் சாமான் செய்யும் கம்பெனியில் பிரஸ் மிஷினில் வேலை. கூட வேலை செய்தவனுக்குக் கை போனதைக் கண்ணால் பார்த்தவன். அன்றிலிருந்து மிஷின் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடைக்கிறது என்று வந்தான். காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று மருந்து. நான்தான் சூரியனும் நிலாவும் போட்டுக் கொடுத்தேன். மறு வெள்ளிக்கிழமை இடது கட்டைவிரலில் பெரிய கட்டோடு வந்து ஜன்னலில் நின்றான். அந்த வாரம் அவனுக்கு நைட் ஷிப்ட். நிலாக் கவரைப் பார்த்திருக்கிறான், சாயந்திரம் சாப்பிட்டு மாத்திரையை முழுங்கிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான். மிஷின் முன்னால் நின்றபடியே கண் சொருகிவிட்டது. பக்கத்து ஆள் சட்டையைப் பிடித்து இழுத்ததில் நகத்தோடு போயிற்று.

"ராத்திரி"தானே படித்துப் படித்துச் சொன்னேன், "படுக்கும்போது" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே! டாக்டரம்மா அவன் மாத்திரையைப் பாதியாக்கி, வேலை முடித்து வீட்டுக்கு வந்து படுக்கும்போது மட்டும்தான் என்றார்கள். ஒரு வாரம் மிஷின் பக்கமே நிற்க வேண்டாம் என்று கம்பெனிக்கு ஒரு சீட்டும் எழுதினார்கள். அன்றிலிருந்து எங்கள் ஜன்னலில் நிலா கிடையாது. தூக்க மாத்திரைக் கவரில் ஒரு பாயும் தலையணையும் வரைந்தேன். முதல் கவரை அவனிடமே கொடுத்து, "என்னை மன்னிச்சுடுப்பா" என்றேன். அவன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"உங்க நிலா மேல இன்னா தப்பு பெரிம்மா? எனக்கு ராத்திரியே பகல்லதான வருது!"

முந்தானையில் மூன்று ஊர்

வாலாஜாபாத் பக்கத்திலிருந்து முனியம்மா என்று ஒருத்தி வருவாள். வந்த புதிதில் பயம் பயம் என்றவள், பிறகு எந்நேரமும் மயக்கம் என்றாள். தண்ணீர்க் குடத்தோடு விழுந்து நெற்றியில் புடைப்பு வேறு. டாக்டரம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. சந்தேகம் வந்தால் வாய்ப் பேச்சை நம்ப மாட்டார்கள், "மடியில இருக்கறதையெல்லாம் கொட்டு" என்பார்கள். முனியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து மேஜை மேல் உதறினாள். சில்லறை, வெற்றிலை, ஒரு கொத்துச் சாவி, அதோடு பன்னிரண்டு மாத்திரை. மஞ்சளில் ஒரு வகை, வெள்ளையில் இரண்டு வகை. டாக்டரம்மா பிரித்துப் பிரித்து வைத்தார்கள். பெரிய வெள்ளை எங்களுடையது. சின்ன வெள்ளை வாலாஜாபாத் டாக்டர் கொடுத்தது. இரண்டும் ஒரே மருந்து, கம்பெனிதான் வேறு. மஞ்சள், காஞ்சிபுரத்தில் யாரோ உடம்பு அரிப்புக்குக் கொடுத்தது. அதற்கும் தூக்கம் வரும். மூன்றும் சேர்ந்துதான் அவளைக் குடத்தோடு சாய்த்திருக்கின்றன.

"ஏன்மா, ரெண்டு டாக்டர்கிட்ட வாங்கினா ரெண்டையுமா சாப்பிடுவே? இன்னொருத்தர்கிட்ட போறேன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். அவள் சில்லறையைப் பொறுக்கிக்கொண்டே, எனக்கு விவரம் போதாது என்கிற மாதிரி சொன்னாள்:

"உங்க மாத்திரைய சாப்ட்டா அவருக்குக் கோவம், அவுரு மாத்திரைய சாப்ட்டா உங்களுக்குக் கோவம். யாரு மனசும் நோவ வேணாம்னு ரெண்டையும் துண்ணுக்கினு வந்தேன்க்கா."

சனிக்கிழமை லீவு

கல் குவாரியில் லாரிக்கு லோடு ஏற்றும் ஒருவர். மருந்தும் சாராயமும் சேரக் கூடாது, சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்கள். மனுஷர் சொன்ன சொல் தவறாதவர். சேர்க்கவே இல்லை. வெள்ளிக்கிழமை மாத்திரையோடு சனிக்கிழமை மாத்திரையையும் முன்கூட்டியே போட்டுக்கொண்டு, சனிக்கிழமையைக் குடிக்கு ஒதுக்கி வைத்துவிட்டார். இதை ஏதோ சாமர்த்தியம் மாதிரி எங்களிடமே சொன்னார். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, முழுங்கின மாத்திரை மறு நாளும் உடம்புக்குள் வேலை செய்துகொண்டுதான் இருக்கும் என்று பொறுமையாக விளக்கினார்கள். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அப்டீன்னா ஷிப்ட் முடிஞ்சும் வூட்டுக்குப் போவாம உள்ளயே ஓ.டி. பாத்துக்கினு கீதுன்றீங்க?"

காப்புக் கட்டின கை

மணிமங்கலத்து செல்லம்மாவை ஆடி மாதத்தில் அவள் புருஷன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். விரல் பத்தும் ஆடிக்கொண்டிருந்தன. பாத்திரம் வைக்கிற சத்தம் கூட இடி மாதிரி கேட்கிறதாம். நாலு நாளாகப் பொட்டுத் தூக்கம் இல்லை. ஏழெட்டு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, வாரா வாரம் கோழி முட்டையும் கீரையும் கொண்டு வந்து தருகிறவள். என்ன ஆயிற்று? மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அம்மன் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டாளாம். காப்பு அவிழ்க்கிற வரைக்கும் மருந்து மாத்திரை வாயில் படக் கூடாது என்று வேண்டுதலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள்.

டாக்டரம்மா மாத்திரையை உடனே கொடுக்க வைத்தார்கள். பெஞ்சில் படுக்க வைத்து, சாயந்திரம் வரை பார்த்துக்கொண்டார்கள். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா வலிப்பே வந்திருக்கும். இந்த மாத்திரையைத் திடீர்னு தொடங்கறதை விடத் திடீர்னு நிறுத்தறதுதான் ஆபத்து" என்று புருஷனிடம் சொன்னார்கள். எனக்கு வந்ததே கோபம். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, "சாமி உன்னைச் சாகவா சொல்லிச்சு? அறிவு வேணாம்?" என்று என் வாய்க்கு வந்ததைத் திட்டினேன். செல்லம்மா என் கழுத்துச் சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"உங்க சாமிக்கு நீங்க எதையும் விட்டுக் குடுக்க மாட்டீங்களாக்கா?"

சாம்பல் புதன்

அந்தக் கேள்வி எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆறு மாதம் கழித்துத் தவக்காலம் வந்தது. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு கோயிலிலிருந்து வரும் வழியெல்லாம் யோசித்தேன். மற்றவர்கள் கறி மீனை விடுகிறார்கள். எனக்கு ஒரு ஆளுக்குக் கறி ஏது, மீன் ஏது? என் வீட்டில் எனக்கு அருமையாக இருந்தது ஒன்றே ஒன்று. அதற்குள் இரண்டை ஒன்றாகக் குறைத்திருந்த அந்த ராத்திரி மாத்திரை. அதை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டேன். செல்லம்மாவைத் திட்டின அதே வாய்தான் ஜெபம் பண்ணியது. நான் செய்ததும் அவள் செய்ததும் ஒன்று என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை, நம்புங்கள்.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனபோது கை நடுக்கத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். நான் மாத்திரையை ஐந்து ஐந்தாகச் சரிபார்ப்பேன். ஒவ்வொரு ஐந்துக்கும் அந்த நோயாளி பேரைச் சொல்லி ஒரு "அருள் நிறைந்த மரியே". அன்றைக்கு ஜெபம் பாதியில் நின்று நின்று போனது. யாரோ கதவைச் சாத்தின சத்தத்தில் தூக்கி வாரிப் போட்டது. கவரைக் கொடுக்கக் கை நீட்டினேன். கம்பவுண்டர் குறுக்கே கையை வைத்தார். எப்போதும், "ஞானம்மா ஜெபம் பண்ணிக் குடுக்கற மாத்திரைக்கு டபுள் பவர்" என்று கிண்டல் செய்கிற மனுஷர், அன்றைக்குக் கவரைக் கவிழ்த்துக் காட்டினார். பாதிச் சூரியன் போட்ட கவருக்குள் தூக்க மாத்திரை. ஜன்னலுக்கு வெளியே நின்றவன் ஏழுமலை. அவனுக்கு அந்த வாரம் காலை ஷிப்ட்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்த வேலையும் போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர்கள் முதலில் என் நாடியைப் பிடித்துப் பார்த்தார்கள், பிறகு என் மாத்திரையை என் கையில் வைத்தார்கள். நடுக்கம் நிற்கும் வரை கவர் கட்ட வேண்டாம், உட்கார்ந்து படம் மட்டும் வரை என்றார்கள். இனிமேல் கால் கால் மாத்திரையாகத்தான் குறைப்பது, அதுவும் அவர்கள் சொல்லும்போதுதான். "ஆண்டவர் உன்கிட்ட மாத்திரையையா கேட்டார்?" என்றார்கள். "அவர் கேக்கலம்மா. விட்டுக் குடுக்க என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அழுகை வந்தது. டாக்டரம்மா சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார்கள்:

"காபியில சர்க்கரையை விடு. அதனால யாருக்கும் வலிப்பு வந்ததில்லை."

தலைமாட்டில் மூன்று மருந்து

ஐப்பசி மழைக்குள் என் ஒரு மாத்திரை முக்கால் ஆகி, முக்கால் அரை ஆகியிருந்தது. அரை மாத்திரை என்ன செய்யும் என்று ஒரு தைரியம். சனிக்கிழமை சளியும் இருமலும் தாங்கவில்லை. தெரு முனைக் கடையில் ஜலதோஷ மாத்திரை ஒன்று வாங்கினேன். வீட்டில் மகள் வந்தபோது வாங்கி மிச்சமிருந்த இருமல் மருந்து இருந்தது. இரண்டையும் சாப்பிட்டு, வழக்கமான அரை மாத்திரையையும் போட்டுக்கொண்டு, பொழுது சாயும்போதே படுத்துவிட்டேன். "வேற எந்த மருந்து சாப்பிட்டாலும் எங்ககிட்ட சொல்லணும்" என்று எத்தனை பேருக்கு அந்த ஜன்னலில் சொல்லியிருப்பேன்! எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை.

அடுத்து எனக்குத் தெரிந்தது முகத்தில் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியிருந்தது. பூசை மணி அடித்ததே எனக்குத் தெரியாது. ஏழுமலையும் அவன் சம்சாரமும் பின்கதவுத் தாழ்ப்பாளை நெம்பி உள்ளே வந்திருந்தார்கள். நைட் ஷிப்ட் முடித்து சைக்கிளில் போனவன், என் வீட்டு வாசல் தெளிக்காமல் கிடப்பதையும் வெளி விளக்கு எரிவதையும் பார்த்திருக்கிறான். வீட்டுக்குப் போய்ப் படுத்தவனுக்குத் தூக்கம் வராமல் திரும்பி வந்து கதவைத் தட்டியிருக்கிறான். அப்படியே உட்கார்ந்து நான் கணக்குப் பார்த்தேன். தபால் வருகிற நாள் இல்லை. மகன் கடிதம் மாதம் ஒன்று, அது போன வாரம்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போகாவிட்டால்தான் கம்பவுண்டர் கேட்பார். அதுவரைக்கும் ஞானம் என்று ஒருத்தி இருக்கிறாளா என்று கேட்க இந்த உலகத்தில் யாருக்கும் காரணமே இல்லை.

ஏழுமலை என் தலைமாட்டிலிருந்த மூன்று மருந்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். அதுவரைக்கும் என்னை "நீங்க" என்றே பேசிவந்தவன், அன்றைக்கு அதை மறந்துபோனான்.

"இன்னா பெரிம்மா நீ! எனுக்கு பாயி தலவாணிலாம் வரைஞ்சி குட்த்தியே, உன் மருந்துல நீ ஒரு படமும் போட்டுக்கலியா?"

இரண்டு மணி

அதற்குப் பிறகு டாக்டரம்மா ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டார்கள். மருந்து எழுதுமுன் எல்லாரையும் கேட்பார்கள், "காலையில உன்னை யார் எழுப்புவாங்க?" ஆள் இருந்தால் கவரில் நான் ஒரு சின்ன வீடு வரைவேன். ஆள் இல்லாதவர்களுக்கு வீடு கிடையாது. அவர்களுக்கு ஒரு தடவைக்கு மூன்று நாலு நாள் மருந்துக்கு மேல் கொடுப்பதில்லை. அப்போதுதான் வராமல் போனால் எங்களுக்குத் தெரியும். என் கவரில் வீடு இல்லை. நான் வெள்ளிக்கு வெள்ளி, செவ்வாய்க்குச் செவ்வாய் மற்றவர்களோடு வரிசையில் நின்று வாங்கிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறு நாளிலிருந்து ஏழுமலை என் வாசலில் சைக்கிள் மணியை இரண்டு தடவை அடிப்பான். நான் உள்ளேயிருந்து செம்பைத் தரையில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். நைட் ஷிப்ட் என்றால் திரும்பி வரும்போது, காலை ஷிப்ட் என்றால் போகும்போது. இரண்டாவது ஷிப்ட் வாரத்தில் காலையில் தூங்குகிறவன் எதற்கு வரப் போகிறான் என்று நினைத்தேன். எழுந்து வந்து அடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். சாம்பல் புதனுக்கு அடுத்து நடந்த கவர் விஷயத்தையும் ஒரு நாள் அவனிடம் சொல்லி அழுதேன். "அதான் கம்பவுண்டரு புட்ச்சிட்டாரே" என்று மட்டும் சொன்னான்.

அரை, கால் ஆயிற்று. கால் மாத்திரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆயிற்று. மறு ஈஸ்டருக்கு முந்தின செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா என் சீட்டில் ஒரு கோடு போட்டு, "ராத்திரி மாத்திரை போதும் ஞானம். காலை மாத்திரை இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும், அதையும் மெதுவா எடுத்துடுவோம்" என்றார்கள். பிள்ளைகளுக்கு எழுதினேன். இரண்டு பேரும் சந்தோஷம் என்று எழுதினார்கள். அந்தப் பதில்கள் வருவதற்கு முன்பே, சீட்டில் கோடு போட்ட மறு நாள் காலை மணி அடித்ததும் நானே வெளியே வந்து, டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். இனி தூக்க மருந்து இல்லை, பயமில்லை, நீ தினம் தினம் சுற்றிக்கொண்டு வர வேண்டாம், உன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே நன்றாக இல்லை. ஏழுமலை ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டான். நகம் முளைக்காத அந்தக் கட்டைவிரல் மணி மேலேயே இருந்தது.

"மாத்திரையதான நிறுத்தச் சொன்னாங்கோ? மணிய இன்னும் சொல்லலியே பெரிம்மா."

இப்போது அந்தக் காலை மாத்திரையும் நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. எந்த மருந்தைக் குறைத்தும் போகாத பக்கவிளைவு என்று எனக்கு மிஞ்சியது, மணி அடிக்கும் முன்பே விழித்துக்கொண்டு, கையில் செம்போடு அதற்காகக் காத்துக் கிடப்பது ஒன்றுதான்.